விடியற்காலையா, ஞாயிற்றுக்கிழமையா? காரைக்குடியில் ஒரு கடைக்காரரின் டிரையத்லான் தயாரிப்பு

கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்த மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான்; 2019 முதல் கோவாவில் நடக்கத் தொடங்கிய, நான் தயாராகும் 'அயர்ன்மேன் 70.3' போட்டியின் அளவு இது. மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும்.

என் கடையைக் காலை ஒன்பதுக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் பூட்ட முடியும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வாரத்துக்கு அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் தேறுகிறது. அதை ஞாயிற்றுக்கிழமையில் குவிப்பதா, தினமும் விடியலில் பிரித்துப் போடுவதா? இரண்டையும் மும்மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு வழியில் ஒரு பெரிய நன்மை உண்டு. அதிகாலை ஐந்துக்குக் கிளம்பி, திருமயம் கோட்டையைத் தாண்டி, புதுக்கோட்டை போய்த் திரும்பினால் எண்பது கிலோமீட்டர் வந்துவிடும். சைக்கிளில் இருந்தபடியே எதைத் தின்றால் வயிறு ஏற்கிறது, மூன்றாவது மணியில் இடுப்பு எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும் என்பது படிக்க எளிது. வாழைப்பழமும் கடலைமிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் எனக்கு ஒத்துக்கொள்கின்றன என்று கண்டுபிடிக்க நாலு ஞாயிறு ஆயிற்று.

ஆனால் ஞாயிறு நம் கையில் இருப்பதில்லை. செட்டிநாட்டில் முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் ஒரு ஞாயிறு கல்யாணம், அடுத்தது சாந்தி (அறுபதாம் கல்யாணம்), அதற்கடுத்தது கோயில் படைப்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிறு போனால் அந்த வாரத்தில் பாதி போச்சு. விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் கூடுதலாக ஓடினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி வந்து பதினைந்து நாள் ஓட்டமே இல்லை. உடம்பு சுமையைச் சிறுகச் சிறுகத்தான் வாங்கிக்கொள்ளும். இதைவிட என்னை உறுத்தியது வேறு. ஒரு சனிக்கிழமை இரவு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "பிள்ளைகளோட நீங்க சாப்பிடுறதே ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டுந்தான். அதையும் இதுக்கே கொடுத்துட்டா எப்படிங்க?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது விடியல் வழி. வாரத்தில் ஐந்து நாள், நாலே முக்காலிலிருந்து ஆறு மணி வரை. சைக்கிளுக்குக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிச் சாலைதான். கார்த்திகை நட்சத்திரத்திலும் சங்கடஹர சதுர்த்தியிலும் அந்தப் பக்கம் போவதில்லை. கோயிலுக்குப் போகும் கூட்டமும் வண்டிகளும் நிறைந்திருக்கும். உள்கிராமச் சாலைகளில் சீமைக்கருவேல முள் கிடக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. மாற்று டியூப் இரண்டு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

இந்த வழிக்குக் கொடுக்கும் விலை தூக்கம். கடை பூட்டி, சாப்பிட்டு, பத்து மணிக்குள் படுத்தே ஆகவேண்டும். பதினொன்றாகிவிட்டால் மறுநாள் பயிற்சியை விட்டுவிடுகிறேன். தூங்காத உடம்பை ஓட்டினால் காயம்தான் மிச்சம். இன்னொரு குறை, விடியலின் குளிர்ச்சியிலேயே பழகினால் பகல் வெயில் தாங்காது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். அதனால் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, மாலை நான்கு மணி வெயிலில் முக்கால் மணி நேரம் மெதுவாக ஓடப்போகிறேன்.

என் தேர்வு விடியல்தான். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு நீண்ட சைக்கிளுக்கு, அதுவும் வீட்டில் கேட்டு, விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்து. மற்ற ஞாயிறு மத்தியானங்கள் பிள்ளைகளுக்கு.

நீச்சலுக்குக் குளமா கிணறா கடலா என்று கேட்பவர்களுக்கு: தூரத்துக்கு 25 மீட்டர் நீச்சல்குளம்தான் சரி, 76 முறை கடந்தால் 1.9 கிலோமீட்டர். ஊருணிகள் பல ஊர்களில் குடிதண்ணீருக்கானவை, அவற்றில் இறங்கவே கூடாது. தோட்டக் கிணற்றில் பத்துக் கை போட்டால் சுவர் வந்துவிடும். ஆனால் ஆழத்தைப் பார்த்து வரும் பயம் போகக் கிணற்றைப் போல ஒன்று இல்லை. தொண்டிக் கடல் ஆழமும் அலையும் குறைந்தது. தலையைத் தூக்கித் திசை பார்த்து நீந்தப் பழகுவதற்கு அங்கே போகலாம், ஆனால் தனியாக வேண்டாம். தெரிந்த மீனவர் ஒருவர் படகில் கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாத ஞாயிறை அதற்குத்தான் வைத்திருக்கிறேன்; பிள்ளைகளும் வருகிறார்கள்.