ஃபால்மத்தில் படகே வீடு: இரண்டு கோடை முடிந்தபின்

2022 மே மாதம் வாங்கிய 29 அடி பாய்மரப் படகில்தான் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வாலில் ஃபால்மத் பக்கம். 1980-களில் கட்டிய படகு. அடியில் இரட்டைக் கீல் (keel, படகின் அடியிலிருந்து கீழே நீளும் கனமான தகடு) இருப்பதால், நீர் வற்றினாலும் சேற்றில் சாயாமல் உட்கார்ந்துகொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே நீர் ஏறக்குறைய 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. அதனால் இந்த ஒரு குணத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

வாங்கும்போது புயலை நினைத்துத்தான் பயந்தோம். பாடாய்ப் படுத்தியது ஈரம்.

2023 ஜூன், பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஜூன். ஜூலை பிறந்ததும் மேற்கிலிருந்து மழைமேல் மழை. கோடை உச்சத்திலும் கடல் 17 டிகிரி சுற்றித்தான் இருக்கும். அந்தக் குளிர் படகின் சுவர் வழியே உள்ளே வரும். கதவை அடைத்துக்கொண்டு இரண்டு பேர் மூச்சுவிட்டு, ஒரு குக்கர் சாதம் வைத்தால் போதும், காலையில் கூரையெல்லாம் வியர்த்திருக்கும். மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. பலகைமேல் மரச்சட்டம் அடித்து, மெத்தைக்கு அடியில் காற்றோட வழி விட்டபின்தான் நின்றது. குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த டீசல் ஹீட்டர் ஜூலையில் பாதி நாள் ஓடியது.

ஜன்னல் ரப்பரை மாற்ற ஒருவருக்குக் கூலி கொடுத்தோம். அடுத்த மழையிலேயே என் தலையணைமேல் சொட்டு. அப்புறம் நானே சட்டத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து மாட்டினேன். ஒரு ஜன்னல் இன்னும் பாக்கி. சோலார் பலகை மேகத்தைப் பார்த்தால் படுத்துவிடும். அந்த நாட்களில் ஃபிரிட்ஜ் கிடையாது.

சரி, நங்கூரம். முதல் கோடையில் நீர் வற்றியிருந்த நேரத்தில் 3 மீட்டர் ஆழம் பார்த்து, 15 மீட்டர் சங்கிலி விட்டேன். நடுராத்திரி ஆழம் 8 மீட்டர் ஆனதும் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இப்போது நீர் முழுதாக ஏறினால் எவ்வளவு ஆழமோ, அதற்கு நான்கு மடங்கு சங்கிலி. நங்கூரத்தையும் பெரிதாக்கினேன். இந்தப் படகில் செலவழித்த காசிலேயே மனசு நோகாத காசு அதுதான்.

நாங்கள் நங்கூரமிடும் இடங்களில், ஹெல்ஃபர்ட் ஆற்று வாயில் மேலைக்காற்றுக்கு நல்ல மறைவு. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழுந்தால் தூங்க முடியாது. செயின்ட் மாஸுக்குத் தென்மேற்குக் காற்று ஆகாது. ஆகவே விடியற்காலை பிபிசி ரேடியோ 4-இல் கப்பல் வானிலை அறிக்கையில் எங்கள் கடல் பகுதியான 'பிளிமத்' வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு இருந்து, அப்புறம்தான் இன்று வீடு எங்கே என்று முடிவு செய்கிறோம்.

2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஆன்டனி புயல் வந்தது. முந்தைய நாளே ஃபால் ஆற்றில் கிங் ஹாரி படகுத்துறைக்கு மேலே போய்விட்டோம். வேலையில்லாத சரக்குக் கப்பல்களையே கட்டிவைக்கும் அளவுக்கு ஆழம், இரு கரையிலும் காடு. மரங்கள் இரைந்தன, படகு அவ்வளவாக அசையவில்லை. இந்தக் குளிரில் தோசை மாவு புளிக்காது என்பதால் அதை இன்ஜின் பக்கத்தில்தான் வைப்போம். அன்று இன்ஜின் நெடுநேரம் ஓடியிருந்தது. காலையில் மூடியைத் திறந்தால் மாவு பொங்கி வழிந்து, படகின் அடிவரை இறங்கியிருந்தது. புயலுக்குக் கொடுத்த விலை, மூன்று நாள் புளிப்பு வாடை.