ஐஸ் சாலையில் சைக்கிள்: ஆணி டயரா, அகல டயரா, மூன்று சக்கரமா?

தமிழில் பனி என்றால் புல்நுனித் துளியும் அதுதான், மூடுபனியும் அதுதான், வானத்திலிருந்து பஞ்சாய் இறங்குவதும் அதுதான். குளிர்காலத்தில் சைக்கிளில் போகிறவருக்கு இந்தத் தாராளம் ஆகாது. விழுந்து கிடக்கும் பனி ஒன்று. அதே பனி மிதிபட்டு, பகலில் உருகி, இரவில் மறுபடி இறுகிக் கிடக்கும் ஐஸ் முற்றிலும் வேறு. என்ன டயர் வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வழியில் இந்த இரண்டில் எது அதிகம் என்றுதான். பலர் பனிக்குப் பயந்து அகல டயர் வாங்குகிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பதோ ஐஸ்.

சாதாரண டயரில் இருந்து தொடங்கலாம். அது நினைக்கிற அளவுக்கு மோசமில்லை. நல்ல குளிரில், மைனஸ் 15 டிகிரி வாக்கில், இறுகிய பனி டயருக்கடியில் கறுக்முறுக்கென்று சத்தம் போடும், பிடிமானமும் தரும். ஆபத்தான நாள் பூஜ்யத்தை ஒட்டிய நாள். அப்போது ஐஸின் மேல்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கும், ரப்பருக்குப் பிடிக்க ஒன்றுமே கிடைக்காது. நேராக, மெதுவாகப் போகும்வரை பிழைப்பீர்கள். ஹேண்டிலை லேசாகத் திருப்பினால், பிரேக்கைத் தொட்டால், சில்லறை பொறுக்க வேண்டியதுதான். குளிரிலும் விறைக்காத ரப்பரில், ஆணி இல்லாமல் வரும் ‘குளிர்கால’ டயர்களும் உண்டு. ஈரச் சாலைக்கும் இறுகிய பனிக்கும் அவை நல்லவை. கண்ணாடி போன்ற ஐஸில் அவற்றை நம்ப வேண்டாம்.

ஐஸுக்கு ஒரே நேரடியான பதில் ஆணி டயர். ரப்பரில் பதித்த சிறு ஆணிகள் ஐஸைக் கீறிப் பிடிக்கின்றன. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆணியின் முனை. டங்ஸ்டன் கார்பைடு முனை என்றால் வெறும் தாரில் ஓட்டினாலும் பல குளிர்காலம் தாங்கும். வெறும் எஃகு ஆணி சீக்கிரம் மழுங்கிவிடும், மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அடுத்தது எண்ணிக்கை. பின்லாந்துத் தயாரிப்பான ஹக்கபெலீட்டாவில் டபிள்யூ106, டபிள்யூ240 என்ற பெயர்களே ஆணிக்கணக்குதான். குறைந்த ஆணி, பெரும்பாலும் சுத்தமாக இருந்து அங்கங்கே மட்டும் ஐஸ் கிடக்கும் சாலைக்குப் போதும். கார்கள் உழுத சேற்றுப்பனி இரவில் உறைந்து தடம் தடமாக நிற்கும் சாலை என்றால் ஓரங்களிலும் ஆணி வேண்டும். ஏனென்றால் அங்கே சக்கரம் வழுக்குவது நடுவில் அல்ல, தடத்தின் கரையில் ஏறும்போது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. டயர் கனமாக இருக்கும், வேகம் குறையும், வெறும் தாரில் தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஓயாத சத்தம். காய்ந்த தாரில் வேகமாக வளைத்தால் பிடிமானம் கொஞ்சம் குறைவுதான். புது டயரை மாட்டியதும் ஐஸில் இறங்கிவிடாதீர்கள். முதல் 40 கிலோமீட்டர் அளவுக்குச் சாதாரணச் சாலையில், சட்டென்று பிரேக் போடாமல், அழுத்தி மிதிக்காமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பர் குழியில் நன்றாக உட்காரும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக உதிரும். ஓரங்களில் ஆணி உள்ள சில டயர்களில் காற்றைச் சற்று இறக்கினால்தான் அந்த ஓர ஆணிகள் தரையைத் தொடும். இது தெரியாமல் கல்லுப்போலக் காற்றடித்துவிட்டு, ஆணி வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு.

ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறதா? முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரமே இருக்காது.

அப்புறம் ஃபேட் பைக், அதாவது மிக அகலமான டயர் போட்ட சைக்கிள். அலாஸ்காவின் பனித்தடங்களும் நியூ மெக்சிகோவின் மணலும் சேர்ந்து வளர்த்த பிள்ளை இது. 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வந்தபிறகுதான் பரவலானது. நான்கு அங்குல டயரில் 5 முதல் 10 பிஎஸ்ஐ காற்று மட்டும் வைத்தால், பொதபொதப்பான பனியில் புதையாமல் மிதந்து போகும். அதில் ஓட்டுவது சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் ஐஸில் அகலம் உங்களைக் காப்பாற்றாது. ஆணி வைத்த ஃபேட் டயர் போட்டால் காப்பாற்றும். பிறகு உழவு மாடு போல இழுக்க வேண்டும். தார்ச்சாலையில் சில சென்டிமீட்டர் புதுப்பனி கிடக்கும்போது ஒல்லி டயரே அதைக் கிழித்துத் தரையைத் தொட்டுவிடும். தினமும் சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு ஃபேட் பைக்கை நான் சொல்ல மாட்டேன். காட்டுத்தடத்தில் போகிறவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

மூன்று சக்கர சைக்கிள், விழவே கூடாத எலும்பும் வயதும் உள்ளவர்களுக்கு. கவிழ்வது அரிது, ஆனால் பக்கவாட்டில் சறுக்கும். ஒற்றைச் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையில், ஏற்றத்தில் அந்தச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பனி தள்ளிய பாதை குறுகலாக இருந்தால் அதில் அடங்காது.

டயரைத் தாண்டி, பிரேக். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் ஈரமும் ஐஸும் படிந்தால், முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க் அல்லது டிரம் தேவலை. வெளியே தொங்கும் கியரில் சேற்றுப்பனி அப்பிக்கொள்ளும். சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் அடங்கிய கியருக்கு அந்தத் தொல்லை இல்லை. உப்பு தூவும் ஊரில் எந்தச் செயினும் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் விடுவதைத் தவிர வழியில்லை.

இதையெல்லாம் மீறி, பாதையைப் பராமரிக்கிற விதம் டயரைவிடப் பெரிய விஷயம். 2013இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்த பின்லாந்தின் ஔலுவில் சைக்கிள் பாதைகளில் பனியை உடனுக்குடன் தள்ளிச் சமன்படுத்துகிறார்கள். அங்கே சாதாரண சைக்கிளில் போகிறவர்களும் ஏராளம்.

என் சைக்கிளில் இப்போது இரண்டு சக்கரத்திலும் ஆணி டயர். மாட்டிய முதல் வாரம் சிக்னலில் கச்சிதமாக நிறுத்தி, பெருமையாகக் காலை ஊன்றினேன். ஷூவில் ஆணி இல்லை. சைக்கிள் வழுக்கவே இல்லை, நான்தான் வழுக்கிக் கிடந்தேன்.