மாட்டிறைச்சி மசாலாவுக்கு ஒரு சிறிய கிரைண்டர்

மாட்டிறைச்சியின் மேல் தடவும் உலர் மசாலாவை வீட்டிலேயே தயாரிப்பதற்காகச் சிறிய மின் கிரைண்டர் ஒன்றை 6 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மிளகு, மல்லி, சீரகம் ஆகியவற்றை வெறும் சட்டியில் மணம் எழும் வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போட்டால், சில நொடிகளில் வேண்டிய கொரகொரப்பு கிடைத்துவிடுகிறது. பொத்தானை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் மிளகு மாவாகிவிடும், தணலில் முதலில் கருகுவதும் அந்த மாவுதான். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மிளகின் நெடியை, பொட்டலத்தில் வாங்கிய எந்தப் பொடியிலும் நான் கண்டதில்லை.

பூண்டுப் பொடியையும் மிளகாய்ப் பொடியையும் பிறகு கையால் கலக்கிறேன். உப்பை மட்டும் தனியே, 1 கிலோ இறைச்சிக்கு 15 கிராம் என எடைபோட்டு, முந்தைய இரவே தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்துவிடுவேன். உப்பு இழுக்கும் நீரிலேயே அது கரைந்து மீண்டும் உள்ளே இறங்குவதாலும், மேற்பரப்பு உலர்ந்துவிடுவதாலும், இறைச்சி அழகாகச் சிவக்கிறது.

கிண்ணத்தைக் கழற்றிக் கழுவ முடியாதது பெரிய குறை. தங்கிவிடும் சீரக மணத்தைப் போக்க, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டியிருக்கிறது.