ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகு: கேப்சூலா, புளித்த உணவா, மலமாற்றா?

ஆன்டிபயாட்டிக் நோய்க்கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை. குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் கூடவே சாகின்றன. அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

பலரும் முதலில் வாங்குவது புரோபயாட்டிக் கேப்சூல், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியாக்களை அடைத்த மாத்திரை. செத்ததைத் திரும்பப் போட்டுவிடலாம் என்ற கணக்கு. ஆனால் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் நடந்தது வேறு. ஆன்டிபயாட்டிக் எடுத்த 21 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 11 வகை பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக்; இன்னொரு குழுவுக்கு ஒன்றுமே இல்லை; மூன்றாவது குழுவுக்கு, மருந்துக்கு முன்பே எடுத்து வைத்த அவரவர் மலத்தையே குடலுக்குள் செலுத்தினார்கள். மூன்றாவது குழுவின் குடல் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. சும்மா விடப்பட்டவர்கள் அடுத்து. கடைசியில் நின்றது புரோபயாட்டிக் குழு, பல மாதங்கள் கழித்தும் முழுதாகத் தேறவில்லை. வந்த விருந்தாளிகள் திண்ணையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரரையே உள்ளே விடவில்லை! சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அதற்காகக் கேப்சூலை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் வரும் வயிற்றுப்போக்கைச் சில குறிப்பிட்ட வகைகள் குறைக்கின்றன. எந்த வகை என்று பெட்டியில் போடாத கேப்சூலை நான் வாங்க மாட்டேன். கடும் நோயாளிகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம்.

அன்றாடத்துக்கு என் ஓட்டு தயிர் போன்ற புளித்த உணவுகளுக்குத்தான். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 10 வாரம் புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அதே ஆய்வில் நார்ச்சத்து மிகுந்த உணவு சாப்பிட்ட இன்னொரு குழுவில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. அதற்கு 10 வாரம் போதவில்லையோ என்னவோ. ஒன்று, புளித்ததைக் கொதிக்க வைத்தால் உயிருள்ள பாக்டீரியா மிஞ்சாது.

அடுத்தவர் மலத்தைச் செலுத்தும் மலமாற்று வேறு ரகம். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்பது குடலைத் தாக்கிக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பாக்டீரியா. திரும்பத் திரும்ப வரும் அதன் தொற்றில் மலமாற்றின் பலன் அசாத்தியம்: 2013-இல் வெளியான டச்சு ஆய்வில் 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற காரியமல்ல இது. கொடுப்பவரின் மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்ததால், அமெரிக்காவில் அதைப் பெற்ற ஒருவர் இறந்துபோனதை அந்நாட்டு மருந்துத் துறை 2019-இல் அறிவித்தது.