பீத்தோவன் ஆறாவது சிம்ஃபொனி: நான்கு பதிவுகளோடு பத்து வருடம்

எட்டு மாதம் கழித்து சிடி பிளேயர் லென்ஸ் மாற்றி பொள்ளாச்சிக்குத் திரும்பி வந்தது. அதே வாரம் திருப்பூர் நண்பர் போனில், "ஏனுங்க, பாஸ்டரல்ல எந்தப் பதிவு வாங்கலாமுங்க?" என்று கேட்டார். பாஸ்டரல் என்றால் பீத்தோவனின் இந்த ஆறாவது சிம்ஃபொனிதான், கிராமத்தைப் பாடும் ஐந்து பகுதிகள். அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

என்னிடம் இருப்பவை நாலு நடத்துநர்கள் ஆர்கெஸ்ட்ராவை வைத்து எடுத்த பதிவுகள்: புரூனோ வால்டர் 1958, காராயன் 1962, கார்ல் பேம் 1971, கார்லோஸ் கிளைபர் 1983. காராயனின் பெர்லின் வாசிப்பில் பிசிறே கிடையாது. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்தைச் சொல்லும் முதல் பகுதியில் நின்று மூச்சுவிட இடமில்லை. வருடத்துக்கு ஒரு முறை எடுப்பேன், அவ்வளவுதான். கிளைபரும் வேகம்தான், ஆனால் அந்த வேகத்தில் உயிர் இருக்கிறது. மியூனிக்கில் நடந்த கச்சேரி அது. அவர் இந்த சிம்ஃபொனியை நடத்தியது அந்த ஒரு முறைதான்.

பேம்தான் என் உயிர். வாசிப்பது வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா. நாலாவது பகுதியாக வரும் அந்தப் புயலைக் கேட்க வேண்டும். ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை வரும்போது எங்கள் தோப்பில் முதலில் துளி விழாது, தூரத்தில் ஒரு உறுமல் மட்டும் கேட்கும். செல்லோவும் டபுள் பாஸும் அப்படித்தான் தொடங்குகின்றன. அப்புறம் வயலினில் நாலு துளி. டிம்பனி என்கிற பெரிய முரசு அதுவரை ஒரு அடிகூட அடித்திருக்காது, முழு சிம்ஃபொனியிலும் இந்தப் பகுதிக்கு மட்டும்தான் அது வருகிறது. பேம் அதை இடியாகவே இறக்குகிறார்.

கடைசி மூன்று பகுதிகளையும் பீத்தோவன் நிறுத்தாமல் ஒன்றோடொன்று சேர்த்து எழுதினார். மூன்றாவது பகுதியில் கிராமத்தார் ஆடும் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே இருட்டிக்கொண்டு வரும். சிடி பிளேயர் ரிப்பேரில் இருந்தபோது நான் பென் டிரைவில் ஏற்றிய பேமில், ஒவ்வொரு பகுதி மாறும்போதும் என் ஆம்ப்ளிஃபையர் ஒரு நொடி ஊமையாகிவிடும். ஆட்டம் முடிந்து, மௌனம், அப்புறம் உறுமல். புயல் அடங்கி ஃபுளூட் மேலே ஏறி, கிளாரினெட் மேய்ப்பனின் பாட்டை எடுக்கும் இடத்திலும் அதே வெட்டு. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதன் யோசித்துத் தைத்த தையலை ஒரு மெஷின் பிரித்துப் போடுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

இதில் பேமின் தப்பு எதுவும் இல்லை. இப்போது சிடியில் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துதான் வருகிறது. இருந்தும் அந்த இடம் நெருங்கும்போது தோள் தானாக இறுகுகிறது. வராத மௌனத்துக்காகக் காது காத்திருக்கிறது.

வால்டரை நான் பென் டிரைவில் ஏற்றவே இல்லை. எண்பது வயதைத் தாண்டி எடுத்த பதிவு. புயல் பேம் அளவுக்கு மிரட்டாது, ஆனால் இரண்டாவதாக வரும் ஓடைக்கரைப் பகுதி அவரிடம்தான் தண்ணீராகவே ஓடுகிறது. அதன் முடிவில் நைட்டிங்கேல், காடை, குக்கூ மூன்றும் கூவும். ஓபோ ஒரே சுரத்தைத் தட்டித் தட்டிச் சொல்லுவதுதான் காடை. நாங்கள் காடை குலம், அதனாலோ என்னவோ அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

சரி, நண்பருக்குப் பதில். நாலில் சிறந்தது பேம், சந்தேகமே இல்லை. வாங்கச் சொன்னது வால்டரை. நேற்று ராத்திரி பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் முறைத்தண்ணி. மடை திருப்பிவிட்டு வந்து நான் போட்டதும் அதுதான்.