கயிறு ஒன்றுதான், ஆலைகள் வேறு

டொயோட்டா ஆலைகளில் நெடுங்காலம் வண்டிகளைப் பூட்டும் லைன் நெடுக ‘ஆண்டன்’ என்ற எச்சரிக்கைக் கயிறு கட்டியிருந்தார்கள். போல்ட் சரியாக ஏறவில்லை என்றால் தொழிலாளி அதை இழுப்பார். விளக்கு எரியும், மெட்டு ஒலிக்கும், டீம் லீடர் வந்து நிற்பார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும்.

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் பேர் கெட்டுக் கிடந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாக அதையே ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தன. ஆட்கள் பெரும்பாலும் பழையவர்கள், தொழிற்சங்கமும் அதேதான். ஆனால் தரம் சீக்கிரமே ஜப்பானிய ஆலைகளை ஒட்டி வந்துவிட்டது. அதைப் பார்த்த ஜிஎம், தன் மற்ற ஆலைகள் சிலவற்றிலும் கயிற்றைக் கட்டியது. அங்கே பலன் இல்லை.

அமைப்பை விட்டுவிட்டுச் செயல்முறையை மட்டும் நிர்வகித்தால் இப்படித்தான் போய் முடியும். கயிறு, வேலை வரிசை, படிவம் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. அப்படியே எடுத்து வந்துவிடலாம். ஆனால் இன்றைக்கு எத்தனை வண்டி வெளியே போனது என்பதை வைத்தே சூப்பர்வைசரை எடைபோடும் ஆலையில், லைனை நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்?

நம்மியில் கயிற்றுக்குப் பின்னால் வேறு ஏற்பாடுகள் இருந்தன. நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். தொழிலாளர்கள் சின்னக் குழுக்களாக வேலை செய்தார்கள், உதவிக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: 1980-களின் கடைசியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு செய்யவில்லை, வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். குறையைச் சொன்னால் வேலை போகாது என்று தெரிந்தவர்தான் கயிற்றை இழுப்பார். சம்பளம், பயிற்சி, கொள்முதல், மேலாளரின் கணக்கு எல்லாம் ஒன்றையொன்று தாங்கினால்தான் அது அமைப்பு.

செயல்முறையைச் சீராக்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே மேசையில் தொடங்கி அங்கேயே முடிகிற வேலைக்கு அது போதும், செலவும் குறைவு. குறை இரண்டு துறைகளுக்கு நடுவே விழும்போதுதான் அது கைகொடுக்காது.

நான் வேலை பார்த்த ஓர் உதிரிபாகக் கம்பெனியில் செயல்முறைக் கோப்புகளில் ஒரு தாள்கூடக் குறையாது. ஆனால் வெளியே வாங்கிய ஒரே பாகம் செக்கிங்கில் வாரந்தோறும் அளவு தவறித் திரும்பும். சிவப்புச் சீட்டு ஒட்டுவோம், பதிவேட்டில் எழுதுவோம், கையெழுத்து வாங்குவோம். கொள்முதல் பிரிவுக்கோ மலிவாக வாங்கினால்தான் பாராட்டு. அந்தச் சீட்டு அவர்கள் மேசைவரை போனதே இல்லை.