மீன் மாட்டாத நாளில் ஒரு மடக்கு ராடு

யூடியூபில் தூண்டில் ராடுக்கு விமர்சனம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய கட்லா ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடிதான் பேசுகிறார்கள். மீன் மாட்டிவிட்டால் எந்த ராடும் நல்ல ராடுதான். ஒன்றுமே மாட்டாமல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அதன் யோக்கியதை வெளியே வரும். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

ஆன்லைனில் வாங்கியது, பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. இழுத்தால் 2.1 மீட்டர் நீளும் கண்ணாடி இழை ராடு, 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், அதில் சுற்றியே வந்த தூண்டில் நரம்பு, ஒரு டப்பா முள், ஈயக்குண்டு, இரண்டு பிளாஸ்டிக் மீன், தோளில் மாட்டப் பை. மொத்தம் 1,350 ரூபாய்.

போனது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், காவிரிக்கு. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடிவிட்டால் சில நாளில் இங்கே தண்ணீர் மெலிய ஆரம்பித்துவிடும். நாங்கள் போனபோது ஆறு கரையை விட்டு விலகி நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மணல் திட்டு, அதைத் தாண்டி ஒரு மடு. மீன் இருந்தால் அந்த மடுவில்தான் இருக்க வேண்டும். கூட வந்த மச்சான் கையில் பழைய மூங்கில் கம்பு. என் பையைப் பார்த்து, “என்ன மாப்ள, கேமரா ஸ்டாண்டா?” என்றார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீச்சு அருமை. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்ததால், கிட்டே போனாலே நம் நிழல் மடுவில் விழுகிறது. மூங்கில் கம்புக்காரர் தண்ணீரின் ஓரத்தில்தான் நின்றாக வேண்டும். இதில் மணல் திட்டிலேயே நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கும் மடுவின் நடுவில் முள்ளைப் போட முடிந்தது. எடையும் குறைவு, மத்தியானம்வரை மணிக்கட்டு வலிக்கவில்லை.

அப்புறம்தான் பிரச்சினைகள். ரீலில் சுற்றியே வந்த நரம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு சுருண்டு வருகிறது. எத்தனை நாள் கிடங்கில் கிடந்ததோ! வீசும்போது கொத்தாகக் கழன்று முதல் வளையத்தில் சிக்கிக்கொள்கிறது. முந்தின நாளே ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கொஞ்சம் சரியாகும். ஆனால் அதைவிட அந்த நரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் நல்ல நரம்பாக வாங்கிச் சுற்றுவது மேல்.

முள் இன்னொரு வேடிக்கை. டப்பாவில் இருப்பவை எல்லாம் கடலுக்கு ஆகிற அளவு. நம் ஆற்றுக் கெண்டையின் வாய் எவ்வளவு, இந்த முள் எவ்வளவு! மண்புழுவைக் கோத்துப் போட்டால் பொடிக் கெண்டைகள் சுற்றி நின்று கொத்தித் தின்றுவிட்டு, வெறும் முள்ளை நம்மிடமே திருப்பி அனுப்பின. மைதா உருண்டைக்கும் அதே கதி. அதிலும் ராடின் நுனி தடி. சின்னக் கொத்தல் கைக்குத் தெரியவே இல்லை. மச்சானின் மூங்கில் நுனி ஒவ்வொரு கொத்தலுக்கும் நடுங்கியது. அவருக்கும் ஒன்றும் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

பிளாஸ்டிக் மீனை விராலுக்காக நாணல் ஓரத்தில் இழுத்தேன். திடீரென்று பாரம், ராடு வளைந்தது. மச்சான் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்தது ஒரு கிழிந்த வலைத்துண்டு. விஷயம் அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வடிந்ததும் வலைக்காரர்கள் மடுவை அரித்து எடுத்துப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு மிச்சம் வைத்தது பொடிசுகளைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எப்படியும் வற்றப் போகிற மடு, பிடிக்காவிட்டால் கொக்குக்குத்தான் போகும்.

அந்த வலைத்துண்டு ஒரு உபகாரம் செய்தது. மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறாமல் விட்டுக்கொடுக்க ரீலில் இருக்கும் அமைப்புக்கு டிராக் என்று பெயர். அதைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பாரம் ஏறும்போது நரம்பைச் சீராக விட்டுக்கொடுத்தது, திக்கித் திணறவில்லை. இந்த விலைக்கு நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் அதே இழுப்பில் ரீல் கைப்பிடியின் மரை கழன்று ஆடத் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் நாலு சுற்றுக்கு ஒரு தடவை கையால் முறுக்கவேண்டி வந்தது.

சாயங்காலம் மடக்கப் பார்த்தால் ராடு மடங்கவில்லை. மூட்டுகளில் மணல் புகுந்திருந்தது. மடக்கு ராடை மணலில் படுக்கப் போடவே கூடாது, குச்சி நட்டுச் சாய்த்து வையுங்கள். சிக்கினால் பலமாக அழுத்தாமல், தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு துண்டாகத் திருகினால் இறங்கும். நேராக அழுத்தினால் இழை கீறிவிடும்.

ஏரி, பெரிய குளம் என்று தூரம் வீசுகிறவர்கள் நரம்புக்கும் சின்ன முள்ளுக்கும் தனியாகச் செலவு செய்யத் தயார் என்றால் வாங்கலாம். வாய்க்காலில், மதகடியில் கெண்டை பிடிக்கிறவர்கள் மூங்கில் கம்போடு இருப்பதே நல்லது.

கைப்பிடி மரையைப் பற்றி விற்றவருக்கு எழுதினேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருவதாகப் பதில் வந்தது. மூன்றுதான் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு டிராக்குக்கு.